முதலாளி தொடாத கம்பி

காட்டோர விடுதிக்குப் பசுமைச் சான்று தர அதிகாரி வந்திருந்தார். காவலாளி மசணன் கதவைத் திறந்துவிட்டான். போன மாதம் விடுதியின் வேலியில் மின்சாரம் தாக்கிச் செத்த யானைக்குட்டியைப் புதைத்தவன் அவன்தான்.

"யானை வராது, இது வெறும் கம்பின்னு சொல்லு. மாத்திச் சொன்னா குடும்பத்தோட வெளிய போயிடுவே" என்று முதலாளி தணிகாசலம் மிரட்டியிருந்தார்.

வேலியருகே, தணிகாசலமும் உடன் நிற்க, அதிகாரி மசணனிடம் கேட்டார்: "இந்தப் பக்கம் யானை வருமா?"

"வராதுங்கய்யா. இது வெறும் கம்பிதானுங்க." மசணன் கம்பியைக் காட்டினான். "முதலாளி கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா, நீங்க குனிஞ்சு அந்தப் பக்கம் போய்ப் பாத்துக்கலாம்."

"பிடிங்க சார்" என்றார் அதிகாரி.

தணிகாசலத்தின் முகம் வெளுத்தது. கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. வேலியை அறுத்தெறியும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

முதலாளி பல்லைக் கடித்தபடி மசணனைப் பார்த்தார்.

"நீங்க சொல்லச் சொன்னதைத்தானுங்களே சொன்னேன்" என்றான் அவன்.