ஒன்பது மூச்சு

பூவராகனுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் வானொலியில் செய்தி வாசித்தவர். அவர் வணக்கம் என்றால் அடுப்படியில் இருப்பவர்களும் தீயைக் குறைத்துவிட்டு முன்னறைக்கு வந்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், சிறுமலை உச்சியில் ஒரு சின்ன ஆசிரமத்தில், தம்மைவிடப் பதினைந்து வயது இளைய ஓர் அம்மையாரிடம் சீடராகச் சேர்ந்தார். அந்த அம்மையாரை எல்லோரும் அம்மா என்றே கூப்பிட்டார்கள். பூவராகனும் அப்படியே கூப்பிட்டார்.

மலை ஏறினாரே தவிர, கோபத்தைக் கீழே விட்டுவிட்டு வரவில்லை. மூன்றாம் நாள் அது பொங்கிவிட்டது.

எல்லாம் கொம்பாவால் வந்தது. கடலுக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் நடுவே, பள்ளிக்கூடங்களில் புகுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கையில் துப்பாக்கி திணிக்கும் படைத்தலைவன் அவன். அவனைப் பற்றிப் பூவராகன் குரல் கொடுத்த வீடியோ ஒன்று ஒரே வாரத்தில் நாற்பது லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. கல்லூரிப் பிள்ளைகள் அவனைப் பிடிக்கச் சொல்லிச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் திட்டு ஆரம்பித்தது.

"அம்மா, ஒரு கேள்வி."

அம்மா முறத்தில் காப்பிக்கொட்டையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "கேளுங்க."

"கொம்பா அந்த நாட்டைவிட்டு ஓடி ஆறு வருஷமாச்சாம். நான் பழங்கதை சொல்றேனாம். லைக் போட்டா பிள்ளைங்க திரும்பி வந்துருமான்னு கேலி பண்றாங்க. ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாதவங்க எல்லாம் என்னைக் குறை சொல்றாங்கம்மா! ஞாயித்துக்கிழமை டிவியில விவாதம். ஒண்ணு, அவங்க வாயை அடைக்கணும். இல்லேன்னா வீடியோவை எடுத்துட்டு நான் வாயை மூடிக்கணும். எதைச் செய்ய?"

"அந்த நாட்டுக்காரங்க யாரும் ஏதாவது சொன்னாங்களா?"

"அகெல்லோன்னு ஒரு டீச்சரம்மா பேசி அனுப்பியிருக்காங்க. பதினோரு நிமிஷம் ஓடுது. அதுவும் திட்டாத்தான் இருக்கும். ரெண்டு வார்த்தைக்கு மேல நான் கேட்கல."

அம்மா ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டார்.

"இன்னிக்குச் சேகண்டி உங்க முறை," என்றார்.

பூவராகனுக்குச் சுருக்கென்றது. நாற்பது லட்சம் பேர் விஷயத்துக்கு இதுதானா பதில்?

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. மூடுபனி இறங்கும் நேரம் யாராவது காட்டுக்குள் மாட்டிக்கொண்டால், ஆசிரமத்து வாசலில் தொங்கும் சேகண்டியை அடிப்பார்கள். அந்த வெண்கலத் தட்டின் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்து ஆட்கள் கயிறும் கம்புமாக வந்து கூடுவார்கள். எப்படி அடிப்பது என்று சுவரில் கரியால் எழுதியிருந்தது: ஒன்பது அடி, ஒன்பது மூச்சு. முதல் நாளே அதைப் படித்துவிட்டுப் பூவராகன் சிரித்துக்கொண்டார். கை வலிக்காமல் இருக்க ஒன்பது மூச்சு ஓய்வாம்! தமக்கு அந்தச் சலுகை தேவையில்லை என்று அப்போதே முடிவு கட்டியிருந்தார்.

நான்கு மணிக்குப் பனி இறங்கியது. கீரை பறிக்கப் போன சமையற்கார வெள்ளைத்தாய் திரும்பவில்லை.

பூவராகன் கட்டையை எடுத்தார். ஒன்பது அடி, பதினெட்டு, நூறு. தோள்பட்டை விண்ணென்று தெறித்தது, அவர் விடவில்லை. அன்று காலையில்தான் வெள்ளைத்தாய், அவர் கேட்காமலே மூன்றாவது தோசையைத் தட்டில் போட்டிருந்தாள். அவளை எப்படி விட்டுவிடுவது?

இருபது பேர் வந்து கூடிவிட்டார்கள்.

"எந்தப் பக்கம் போனாங்க சாமி?" என்று ஒருவர் காதருகே வந்து கத்தினார்.

"தெரியலப்பா!" என்று இவரும் கத்தினார். கை நிற்கவில்லை.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேகண்டியின்மேல் வைத்து அழுத்தினார். சத்தம் பட்டென்று அடங்கியது.

"கையை எடுங்கம்மா! நிறுத்தினா அந்தப் பொம்பளை செத்துப்போயிடும்!"

அம்மா கையை எடுக்கவில்லை. யாரும் பேசவில்லை. பனிக்குள் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, ஐந்து மூச்சு.

ஏழாவது மூச்சில், கிழக்கே பாறைச் சரிவிலிருந்து மெல்லியதாக ஒரு குரல் வந்தது. "இங்கிட்டு... இங்கிட்டு..."

இருபது பேரும் கிழக்கே ஓடினார்கள்.

கால் பிசகிக் கிடந்தவளைக் கம்பில் போர்வை கட்டித் தூக்கிவந்தார்கள். வாசலில் இறக்குவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். "எந்தப் புண்ணியவான்யா அது, மூச்சு விடாம அடிச்சது? அரை மணி நேரமாத் தொண்டை கிழியக் கத்துறேன், என் சத்தம் எனக்கே கேட்கல!"

புண்ணியவான் தலையைக் குனிந்துகொண்டு வெந்நீர் வைக்கப் போனார். அவள் காலுக்கு ஒத்தடம் கொடுத்து முடித்த பிறகுதான் அம்மாவிடம் வந்தார்.

"நான் அடிச்சது தப்பாம்மா?"

"அடிக்கலேன்னா இத்தனை பேர் வந்திருப்பாங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "வந்திருக்க மாட்டாங்க. அப்போ குறை சொல்றவங்கதான்..."

"வெள்ளைத்தாய் பொய்யா சொன்னா?"

மலர்ந்த முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் மனிதர் லேசில் விடுகிறவர் இல்லை.

"அந்த டீச்சரம்மா பேசினா யார் காதுல விழும்மா? தமிழ் தெரியாது, இங்கிலீஷ்தான். சன்னமான குரல் வேற. நாற்பது லட்சம் பேரும் என் குரலுக்குத்தானே வந்தாங்க?"

"வெள்ளைத்தாய் குரலும் சன்னம்தான்."

பூவராகன் எழுந்து வெளியே போனார். சமையலறைக்குப் பின்னால் இருந்த பாறையில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்து, அகெல்லோ பேசியதை முதல் தடவையாக முழுவதும் கேட்டார்.

திட்டு இருந்தது. வீடியோவில் அழுகிற சிறுமி தன் தங்கை என்றார் அகெல்லோ. அவள் தப்பி வந்து ஏழு வருடமாகிறது, இப்போது சந்தைக்குப் போனால் துப்பாக்கிக்காரி என்று கைகாட்டுகிறார்கள், அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்றார். திட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி ஒன்பது நிமிடமும் பெயர்கள். எல்லைக்கு அப்பால் கொம்பாவிடம் இன்னும் சிக்கியிருக்கும் எண்பத்தாறு பிள்ளைகளின் பெயர்கள், அவர்களை வைத்திருக்கும் ஊர்கள். எந்த அதிகாரிகள் வாய் திறந்தால் அந்தப் பிள்ளைகளை மீட்கலாம் என்பதையும் சொல்லியிருந்தார்.

பூவராகன் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் காரியமாக அந்தச் சிறுமி படம் உள்ள வீடியோவை நீக்கினார். அப்புறம் டிவிக்காரர்களைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை என் இடத்துல அகெல்லோ பேசுவாங்க. அங்கிருந்தே பேசட்டும். அவங்க சொல்றதைத் தமிழ்ல சொல்ல மட்டும் நான் வர்றேன். முடியாதுன்னா நிகழ்ச்சியே வேண்டாம்."

அவர்கள் அரை மனதாக ஒப்புக்கொண்டார்கள்.

அவர் உள்ளே வந்தபோது அம்மா மறுபடி முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அவங்க பேசி முடிச்சதும் நான் என்னம்மா செய்யணும்?"

"கை வலிக்குதா?"

"இல்லம்மா."

"அப்போ மறுபடி அடிங்க."