எல்லாருக்கும் தெரிந்த விஷயம்

பிழை வரும்போதெல்லாம் வெண்கலக் கிண்ணம் தரையில் விழுந்ததுபோல் கணினி எழுப்பிய அந்த 'டொங்' சத்தம் இசக்கியம்மாளுக்கு இன்றும் காதில் நிற்கிறது. அப்போது அவள் நாகர்கோவிலில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்த புதிது. நிரல்களைச் சோதிக்க இலவசமாகக் கிடைக்கும் திறமூலக் கருவி ஒன்றைக் கணினியில் வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம்.

அந்தக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஞானசிகாமணி அதே கம்பெனியில்தான் இருந்தார். யார் சந்தேகம் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: "கையேட்டைப் படிம்மா. எல்லாம் அதுல இருக்கு."

இசக்கி அதில் உள்ளபடியே தட்டிப் பார்த்தும் ஒவ்வொரு முறையும் டொங்தான். வெள்ளிக்கிழமை முதலாளியும் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குத்தான் சரியா வாசிக்கத் தெரியல போல. நீங்களே வாசிங்க சார், அதை அப்படியே தட்டுறேன்" என்றாள் இசக்கி.

ஞானசிகாமணி கணீரென்று வாசித்தார். அவள் தட்டினாள். டொங்!

"அதுக்கு முன்னாடி பழைய பதிப்பை நீக்கணும்மா!"

"அது எந்தப் பக்கத்துல இருக்கு சார்?"

"இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே!"

திறமூலக் கருவி என்பதால் அதன் கையேட்டை யாரும் திருத்தலாம். பழைய பதிப்பை நீக்கிய கையோடு இசக்கி அந்தப் படியையும் கையேட்டில் சேர்த்தாள். மறுபடி டொங். மறுபடி எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம். முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாயங்காலம் கருவி சத்தமில்லாமல் ஓடியது.

"சார் சொன்னது சரிதான். எல்லாம் கையேட்டுல இருக்கு, இப்போ" என்றாள் இசக்கி.

அவளுக்கு வேலை நிரந்தரமானது. ஞானசிகாமணி இன்றும் கையேட்டைப் படிக்கத்தான் சொல்கிறார். அதன் அடியில் இசக்கியம்மாள் பெயர் இருக்கிறது.