ஐஸ்லாந்துக்கு ரிங் ரோட்டு வழி

கருவேலங்குறிச்சிக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மதுரைக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் ஆளுக்கொரு புத்தி உண்டு. தேய்ந்துவிடக் கூடாதே என்று அதை எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் தவசிக்கு ஒரே மகள், செல்லமீனா. கல்யாணமாகி ஐரோப்பாவின் ஒரு மூலையில், ஐஸ்லாந்து என்ற தீவில் இருக்கிறாள். அங்கே பிறந்த பேத்தி ஓடியாடிப் பேசவே ஆரம்பித்துவிட்டது. தவசி இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கிக் கொஞ்சியதில்லை. அதற்கென்று வாங்கிய வெள்ளிக் கொலுசைக் கால் வளர வளரக் கடையில் கொடுத்துப் பெரிதாக மாற்றி, மடியிலேயே முடிந்து வைத்திருந்தார். போனில் அது "தாத்தா, கார்ல வா" என்று சொன்னால் மனுசன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் செல்லமீனா கூப்பிட்டாள். தவசிக்குப் பக்கத்தில் அவள் தாய்மாமன் ஒச்சப்பனும், சித்தப்பா மாயழகும் போனுக்குள் தலையை விடாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, அடுத்த மாசம் பிளைட்டு போட்டுட்டேன். மூணு பேரும் வாங்க. கார் எடுத்துக்கிட்டு நாட்டையே ஒரு சுத்து சுத்திப் பாத்துரலாம். ரிங் ரோடுன்னு ஒரே ரோடுதான். அதுல ஏறிப் போய்க்கிட்டே இருந்தா, கிளம்புன எடத்துக்கே வந்துரும். எங்க வீடும் ரோட்டு மேலயேதான். அதுல வந்தா என்னைப் பாக்காமப் போகவே முடியாது."

போனை வைத்ததும் மூவரும் ஆலோசனைக்கு உட்கார்ந்தார்கள்.

"மச்சான், ரிங் ரோடுன்னா நம்ம மதுரைக்கு வெளிய கிடக்கே, அதுதானே?" என்றார் தவசி.

"வேற எது? புள்ளையே ஒரே ரோடுதான்னு சொல்லிருச்சே!" என்றார் ஒச்சப்பன். யோசனை கேட்டு அவரிடம்தான் ஊரே வரும். வந்தவர்கள் யாரும் உருப்பட்டதாகத் தகவல் இல்லை.

மாயழகுக்கு ஒரு சந்தேகம். "ஆனா மச்சான், அது அங்கிட்டு இருக்கு, இது இங்கிட்டு இருக்கே?"

"அட கூறுகெட்டவனே, ரிங்குன்னா வளையம். வளையத்துக்கு ஏதுடா தலையும் வாலும்? அங்கிட்டு ஏறினா என்ன, இங்கிட்டு ஏறினா என்ன?"

"அப்ப பிளைட்டு எதுக்கு?"

"அதான் எனக்கும் விளங்கல. பணம் இருக்குன்னா சின்னஞ்சிறுசுக இப்படித்தான் பண்ணும்."

மறுநாள் மகள் மறுபடி கூப்பிட்டு வரிசையாக யோசனை சொன்னாள். இந்த ஊரில் யோசனை சொல்லக் கூடாதென்று அந்தப் பிள்ளைக்கு மறந்தே போய்விட்டது பாருங்கள். ஒரே நாளில் வெயில், மழை, காற்று, குளிர் எல்லாம் வரும், அதற்குத் தகுந்த உடுப்பு வேண்டும் என்றாள். வண்டியை வலது பக்கமாக ஓட்டணும் என்றாள். பெட்ரோல் பங்க்கைக் கண்டால் விடக் கூடாது, ரோட்டில் ஆடு வந்தால் நின்று வழிவிடணும், பயணத்தில் போன் சார்ஜை வீணாக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னாள்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டோம் தாயி. வர்ற வெள்ளிக்கிழமை ரிங் ரோட்டுல ஏறிடுறோம்," என்றார் தவசி.

"வெள்ளிக்கிழமையா? பிளைட்டு அடுத்த மாசம்ப்பா!"

"பிளைட்டு சுத்தி வளைச்சுல்ல வரும்! நாங்க ரோட்டைப் பிடிச்சு நேரா வந்துர்றோம். நீ வெளிய வந்து நில்லு."

அவள் "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே, சார்ஜ் வீணாகிறதே என்று ஒச்சப்பன் போனை வாங்கி அணைத்துவிட்டார். அது அதற்கப்புறம் உயிர்பெறவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. மூவரும் வேட்டிக்கு மேல் பேன்ட், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு, தலையில் குரங்குக் குல்லா என்று மாயழகின் பழைய அம்பாசடரில் ஏறினார்கள். பாதி வழியிலேயே வேர்வை சீட்டை நனைத்தது.

"குளிரு இன்னும் ஆரம்பிக்கலை போல," என்றார் மாயழகு.

ரிங் ரோட்டு முனையில் ஒச்சப்பன் வண்டியை நிறுத்தச் சொன்னார். "வலப் பக்கமாப் போகணும்னா என்ன அர்த்தம்? வலம் வரணும்னு அர்த்தம். செருப்புக் காலோட எவனாச்சும் வலம் வருவானா?"

அதுவும் நியாயம்தானே! மூன்று ஜோடிச் செருப்பையும் புளியமரத்தடியில் கழற்றி வைத்தார்கள். கிளம்பின இடத்துக்கேதான் திரும்பி வரப்போகிறோம், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

வண்டி வலது பக்கமாக ஏறியது. எதிரே வந்த லாரியெல்லாம் அலறியது. டிரைவர்கள் தலையை வெளியே நீட்டி, இவர்களுடைய அம்மா அக்காவையெல்லாம் விசாரித்தார்கள்.

"பூரா பேரும் எதுத்தாப்புல வர்றாய்ங்களே மச்சான்!"

"அவுக நாட்டு ரூலு அவுகளுக்கே தெரியல. நாம எதுக்குச் சொல்லிக்கிட்டு? நீ போ."

முதல் பங்க்கில் டேங்க் நிரம்பியது. அடுத்த பங்க்கையும் விடவில்லை. "இதுக்கு மேல போட்டா வழியும்யா," என்றான் அங்கே இருந்தவன். "வழிஞ்சா வழியட்டும், விடக் கூடாதுன்னு மக சொல்லிருக்கு," என்றார் தவசி. கொஞ்ச தூரத்தில் ஒரு ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. மூவருக்கும் புல்லரித்துவிட்டது.

"அண்ணே, ஆடு! ஐஸ்லாந்து வந்துருச்சுண்ணே!" என்று மாயழகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டார்.

வண்டி ஓரமாகப் போய் மைல்கல்லில் முட்டி நின்றது. வியர்க்க விறுவிறுக்க ஒரு போலீஸ்காரர் ஓடிவந்தார்.

"யோவ், ராங் சைடுல வர்றீங்களே, எந்த ஊருய்யா நீங்க?"

"இந்தியாங்கய்யா," என்றார் ஒச்சப்பன், பணிவாக.

போலீஸ்காரர் குனிந்து வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"அண்ணே, தமிழ் பேசுறாரு!" என்று மாயழகு கிசுகிசுத்தார்.

"நம்மாளுக இல்லாத நாடு ஏதுடா? பாவம், பொழைக்க வந்திருப்பாரு," என்ற தவசிக்கு மனசு இளகிவிட்டது. மகளுக்கென்று கட்டிவந்த முறுக்கில் ஒரு கை அள்ளிப் போலீஸ்காரர் கையில் திணித்தார். "சாப்பிடு தம்பி, ஊரு முறுக்கு. தின்னு எம்புட்டு நாளாச்சோ!"

அந்த நேரம் பார்த்து ஏர்போர்ட் பக்கமிருந்து வந்த டாக்சி ஒன்று கிறீச்சென்று நின்றது. இறங்கியது செல்லமீனா, இடுப்பில் குழந்தையோடு. போன் அணைந்த நிமிஷத்திலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்காமல், அழுதபடியே கிடைத்த பிளைட்டைப் பிடித்து வந்திருந்தாள்.

"அப்பா! இங்க என்ன பண்றீங்க?"

"நீ சொன்ன மாதிரியே வந்துட்டோம் தாயி! நீயும் சொன்ன மாதிரியே ரோட்டு மேல நிக்கிற பாரு!"

குழந்தை "தாத்தா கார்!" என்று தாவியது. தவசி அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நடுரோடு என்றும் பாராமல் விக்கி விக்கி அழுதார். மடியிலிருந்த கொலுசை எடுத்து மாட்டினார். அளவு கச்சிதம். போலீஸ்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செல்லமீனா அவரிடம் மன்னிப்புக் கேட்டுப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒச்சப்பன் தவசியின் தோளைத் தொட்டார்.

"மச்சான், வலம் பாதியில நிக்குது. நிறுத்தினா தெய்வக் குத்தம்."

தவசி குழந்தைக்கு முத்தம் கொடுத்து, டாக்சி சீட்டில் பத்திரமாக உட்காரவைத்தார். "போயிட்டு வர்றோம் தாயி! மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு!" என்று கத்தினார். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்பாசடர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

ஒருவழியாகச் சுற்றி வந்து பார்த்தால், புளியமரத்தடியில் மூன்று ஜோடிச் செருப்பும் வைத்தது வைத்தபடி இருந்தன. கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்! செருப்பை மாட்டிக்கொண்டு, ஐஸ்லாந்து வெக்கையைப் பற்றிப் பேசியபடியே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

வீட்டு வாசலில் செல்லமீனா நின்றிருந்தாள். உள்ளே கொலுசுச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

தவசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே கோபமும் வந்துவிட்டது.

"ஏந்தாயி, நீயும் ஊருக்குத்தான் கிளம்பியிருக்கேன்னு அங்க வச்சே ஒரு வார்த்தை சொல்லிருந்தா, ஐஸ்லாந்துல இருந்து நம்ம கார்லயே கூட்டியாந்திருப்போம்ல!"