ஸ்னோ படாத ட்ரக்டர்

கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே, மறுபக்கம் வழியில்லாத ஒரு முட்டு ஒழுங்கையில் மூன்று வீடுகள் இருந்தன. மூன்றிலும் தமிழர் இருந்தபடியால் ஒரு சங்கமும் இருந்தது. வேதாரணியம் தலைவர், அருளையா உபதலைவர், நித்தியலிங்கம் செயலாளர். சாதாரண உறுப்பினராக இருக்க ஆள் கிடைக்கவில்லை.

அது தனியார் ஒழுங்கை. நகரசபையின் ஸ்னோ தள்ளும் வண்டி அதற்குள் வராது. வருகிற தை மாதம் தலைவரின் மகள் சுகிர்தாவுக்கு வீட்டிலேயே கலியாண எழுத்து, பதிவுத் திருமணம். மாப்பிள்ளை வீட்டாரின் கார் வாசல்வரை வரவேண்டாமா? ஆடி மாதமே சங்கம் கூடி, ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் அறுபது வருசப் பழைய தோட்ட ட்ரக்டர் ஒன்றை வாங்கியது. முன்னால் ஸ்னோ தள்ளும் தகடு பூட்டியிருந்தது.

"இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் இன்னும் அறுபது வருசம் ஓடுமாம்" என்று கிழவர் சொன்னதைச் சுகிர்தா தமிழில் சொன்னாள்.

நித்தியலிங்கம் இரண்டு கிழமை துருவைத் தேய்த்து, பச்சைப் பெயின்ற் அடித்து மினுக்கினார். தலைவர் வந்து பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று.

"செயலாளர், என்ன வேலை பாத்தியள்? பழைய நிலைக்கெல்லோ கொண்டுவரச் சொன்னவர். இது புதுசு மாதிரிக் கிடக்கு."

நித்தியலிங்கம் தலையைக் குனிந்தார். "வாங்கேக்கை பழைய நிலையிலைதான் இருந்தது. நான்தான் கெடுத்துப்போட்டன்."

"யோசிக்காதேங்கோ. வெளியிலை விடுவம்" என்றார் அருளையா. "மழைக்கு வந்திடும்."

விட்டார்கள். ஐப்பசிக்குள் பழைய நிலை முழுதாக வந்தது. ஒரு சில்லும் அச்சிலிருந்து கழன்று விழுந்தது. துருவைப் படமெடுத்துச் சங்கத்தின் முகநூலில் போட, நூற்றிப் பதினேழு பேர் வாழ்த்தினார்கள்.

சுகிர்தா ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சில்லையும் எஞ்சினையும் திருத்த வைத்தாள். அவன் போகும்போது சொன்னவை இரண்டே. குளிரில் எஞ்சினைச் சூடாக்கித்தான் ஓட்டவேண்டும். எஞ்சினில் ஸ்னோ படக்கூடாது. அதையும் தமிழாக்கிச் சொல்லிவிட்டு அவள் சாறிச் சட்டை தைக்கக் கொடுக்கப் போனாள்.

எழுத்துக்கு முதல்நாள் ஸ்னோ முழங்கால் அளவுக்குக் கொட்டியது. விடிந்ததும் மூவரும் கராஜுக்குள் கூடினார்கள். அருளையா மனைவியின் கம்பளியால் எஞ்சினைப் போர்த்தி, மேலே சுடுதண்ணிப் போத்தல் ஒன்றும் வைத்தார். நித்தியலிங்கம் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் அளவுக்கு இருக்கு. ஓட்ட உது காணும்."

கதவைத் திறந்தார்கள். தலைவர் வெளியே நெடுநேரம் பார்த்தார்.

"முழுக்க ஸ்னோவாய்க் கிடக்கு. எஞ்சினிலை படப்போகுது."

"அப்ப ஸ்னோ இல்லாத இடத்தாலை கொண்டுபோவம்" என்றார் அருளையா.

"ஸ்னோ இல்லாத இடம் எங்கை இருக்கு?"

"ஸ்னோவுக்குக் கீழை இருக்கும். அள்ளினால் வரும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மூன்று பேரும் சவள் பிடித்து, கராஜ் வாசலிலிருந்து பெருந்தெருவரை அள்ளிக் கரையில் போட்டார்கள். இடையில் இரண்டு தரம் தலைவருக்கு நாரி பிடித்து நிமிர முடியவில்லை. ஒன்பது மணிக்கு ஒழுங்கை கழுவிவிட்ட குசினித் தரை மாதிரி இருந்தது. நாலு சில்லுக்கும் கீழே சகுனத்துக்குத் தேசிக்காய் வைத்து, வெறுந்தரையில் ட்ரக்டரை ஒருதரம் போய்வர ஓட்டினார்கள். எஞ்சினில் ஒரு துளி ஸ்னோ படவில்லை.

"மெசின் நல்லாத்தான் துப்புரவாக்கியிருக்கு" என்றாள் ஜன்னலால் எட்டிப் பார்த்த தலைவரின் மனைவி.

அருளையாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அண்ணை, ட்ரக்டர் ஒண்டும் தள்ளேல்லை."

"தள்ளுறதுக்கு ஸ்னோ இல்லையே."

"ஸ்னோ தள்ளத்தானே வாங்கினது? சும்மா போய்வந்தால் வாற சனம் எங்களை என்னெண்டு நினைக்கும்?"

இது சங்கத்தின் மானப் பிரச்சினை. கரையில் கிடந்த ஸ்னோவை அள்ளித் திரும்பவும் ஒழுங்கையில் போடத் தொடங்கினார்கள்.

மேல்மாடியில் சாறியோடு நின்ற சுகிர்தா திரையை விலக்கிப் பார்த்தாள். அழவில்லை. மாப்பிள்ளை எஞ்சினியர். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் இந்த ஒழுங்கையை விட்டுப் போய்விடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பாதி ஒழுங்கை முழங்கால் அளவுக்கு நிறைந்தபோது கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தகப்பன் கனகசூரியர் பட்டுவேட்டியோடு இறங்கினார்.

"என்ன, ஸ்னோவை உள்ளுக்குப் போடுறியள்?"

"ட்ரக்டர் தள்ளுறதுக்கு" என்றார் வேதாரணியம், மூச்சு வாங்கியபடி.

கனகசூரியர் ட்ரக்டரைப் பார்த்தார். ஸ்னோவைப் பார்த்தார். தாடையைத் தடவினார்.

"அது சரி. ஆனா ட்ரக்டர் தள்ள உவ்வளவு ஸ்னோ காணாது, சம்பந்தி."

பிறகு காருக்குள் குனிந்து மகனிடம் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, காரின் டிக்கியைத் திறந்தார். உள்ளே விளிம்புவரை ஸ்னோ.

"விடிய எங்கடை வாசலிலை அள்ளினது, மாமா. அங்கை கொட்ட இடமில்லாமல் கொண்டுவந்திட்டம்" என்றார் மாப்பிள்ளை. "குறையிறதுக்கு இதைப் போடுங்கோ."