நண்டு சாய்ந்து நடந்த நாள்

அந்தக் காலத்தில், கொக்கும் நண்டும் காற்றும் ஒரே பாஷையில் பேசிக்கொண்ட காலத்தில், நண்டு நேராகத்தான் நடந்தது. சிரிக்காதீர்கள், சத்தியமாகச் சொல்கிறேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே நடந்தது!

அப்படி நடந்தவர்களில் செங்காலி என்று ஒருத்தி. கடலோரத்து வளையில் தங்கை பொடிச்சியோடு இருந்தாள். ஒருநாள் வெயிலுக்காகப் பூவரசு இலை ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்தபடி, கரையோரம் மிதந்த காய்ந்த தென்னம்பாளையில் ஏறினாள். நிலத்திலிருந்து வீசிய கச்சான் காற்று இலையைப் பற்றி இழுத்தது. பாளை சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. அடியில் தண்ணீர் பச்சையாக ஓடியது. மீன்கள் பின்தங்கின. தனக்கு உடம்பே இல்லையோ என்றிருந்தது அவளுக்கு.

"அடியாத்தீ!" என்றாள்.

அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. காலையில் கச்சான் எதிரே இருக்கும் மணல்திட்டுக்குக் கொண்டுபோகும். மாலையில் கடலிலிருந்து வரும் கொண்டல் காற்று திருப்பிக் கொண்டுவந்து விடும். சோறு தண்ணி மறந்தாள். தூக்கத்திலும் அவள் கொடுக்குகள் இலையைப் பிடிப்பதற்காக விரிந்தே கிடந்தன.

ஆடி பிறந்ததும் பொடிச்சி ஓடு கழற்றினாள். புது ஓடு இறுகும்வரை நண்டு வெறும் வெண்ணெய். கொக்குக்கு ஒரே வாய்.

"அக்கா, எங்கேயும் போயிராதே. வாசலை மண்ணால அடைச்சிட்டுப் பக்கத்திலேயே இரு."

"நான் எங்கட்டி போகப்போறேன்?"

வெளியே கச்சான் கூப்பிட்டது. "இன்னைக்கு வாகா வீசுறேன், வர்றியா?"

ஒரே ஒரு சுற்றுதானே என்று செங்காலி ஓடினாள். வாசலை அடைக்க மறந்தே போனாள்.

பாதிக் கடலில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். கரையில் ஒரு கொக்கு, ஒவ்வொரு வளையாகக் குனிந்து பார்த்தபடி அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அடைக்காத வாசல் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

"பாவி நான்! காற்றே, என்னைக் கரைக்குத் திருப்பு!"

"கரையிலிருந்துதானே வீசுறேன் பிள்ள, நேரே எப்படிக் கொண்டுபோவேன்? குறுக்கே வா. என் மேல சாஞ்சுக்கோ," என்றது கச்சான்.

இலையைப் பக்கமாகத் திருப்பினாள். எட்டுக் கால்களையும் ஒரு புறமாக மடக்கி ஊன்றி, காற்றின்மேல் சாய்ந்தாள். பாளை குறுக்கே பாய்ந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கரை மெல்ல நெருங்கியது. கால் மூட்டுகள் அந்தச் சாய்விலேயே இறுகிப்போனதை அவள் கவனிக்கவில்லை.

கொக்கு பொடிச்சியின் வளைக்குள் அலகை நுழைக்கப்போனது.

"ஏ கொக்கு, இங்கே பாரு!" என்று கத்தியபடி செங்காலி கரையில் குதித்தாள். நேரே ஓட நினைத்தாள். கால்களோ பக்கவாட்டில் ஓடின! கொக்கு அவளுக்கு முன்னால் குறிவைத்துக் கொத்தியது, மண்தான் கிடைத்தது. மறுபடி கொத்தியது, மறுபடியும் மண்.

"இது என்ன நடை, கண்றாவி!" என்று சலித்துக்கொண்டு பறந்துபோனது.

செங்காலி வளை வாசலில் விழுந்து அழுதாள். "இனிமே போகமாட்டேன். இலையைக் கிழிச்சு எறிஞ்சிடுறேன்."

பொடிச்சி வாசலுக்கு ஊர்ந்து வந்தாள். கோணிப்போன அக்காள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை மறக்கிற அளவுக்கா நல்லா இருக்கு?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாட்டி."

"அப்போ கிழிக்காதே. என்னையும் கூட்டிட்டுப் போ."

"ஓடு இன்னும் இறுகலையேட்டி!"

"கடல்லேயே இறுகட்டும்."

அக்காளின் இலைக்குக் கீழே காற்றில் சாய்ந்தபடியே பொடிச்சியின் கால்களும் இறுகின. அன்று முதல்தான் நண்டு இனமே பக்கவாட்டில் நடக்கிறது. ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று நின்று, இரண்டு கொடுக்கையும் மேலே தூக்குமே, பார்த்திருக்கிறீர்களா? கச்சான் எழும்பிவிட்டது; நண்டு இலையைத் தேடுகிறது.