காலுக்கு எட்டாத போர்வை

ஒரு விடுகதை சொல்கிறேன். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டு பேரும் முழு ஆள். சேர்ந்துவிட்டால் இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் குறைவார்கள். குறைந்தது எங்கே போயிற்று என்று முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. யார் அவர்கள்?

அவசரம் வேண்டாம். ஏற்காட்டில் ஒட்டுத் துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்கும் ரெஜினா டீச்சர், புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாள் இதைத்தான் கேட்பார். முக்கால்வாசிப் பேர் புருஷன் பெண்டாட்டி என்பார்கள். கோமளா வந்த அன்று, "மாமியார் மருமகளா டீச்சர்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அவங்க ரெண்டு பேரும் எங்கம்மா குறைஞ்சாங்க?" என்று சொல்லி, டீச்சர் அவள் கையில் ஊசியைக் கொடுத்தார். விடையைச் சொல்லவில்லை.

பழைய காப்பிக் கிடங்கு ஒன்றில் வகுப்பு நடந்தது. ஊரிலுள்ள தையல் கடைகளில் மிஞ்சும் பிட்டுத் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேரும். அதை வெட்டிச் சேர்த்து நட்சத்திரக் கட்டம், காற்றாடிக் கட்டம், ஏணிக் கட்டம் என்று தைப்பார்கள். கட்டங்கள் பழையவை. அவற்றை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துப் பார்ப்பது அவரவர் விருப்பம்.

டீச்சருக்குக் கோமளாவைவிட வயது குறைவு. ஆனாலும் அவர் கை நீட்டினால் எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யார் எதைத் தைத்துக் கொண்டுபோனாலும் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

கோமளா ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். அது அவளுடையது அல்ல.

கோமளாவின் கணவன் பழனிவேலின் முதல் மனைவி சுகந்தி இதே கிடங்கில் தையல் கற்றவள். மகள் ரோகிணிக்காக ஒரு போர்வையைத் தொடங்கினாள். நான்கைந்து நட்சத்திரக் கட்டங்களைத் தைத்து, மீதிக்கு வேண்டிய முக்கோணங்களையும் சதுரங்களையும் வெட்டிப் பையில் போட்டு வைத்தாள். அதற்குள் காய்ச்சல் வந்தது. போனவள் போய்விட்டாள். புடவைகளை உறவுக்காரர்கள் ஞாபகத்துக்கு என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத அந்தப் பை மட்டும் மிஞ்சியது. ரோகிணி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

கோமளா அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ரோகிணி அவளைச் சித்தி என்று கூப்பிட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். தலை வாரக் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்தாள். ஆனால் சுவரோரமாகத்தான் படுப்பாள். தனக்கும் சித்திக்கும் நடுவில் ஒரு தலையணையை நட்டுவைத்துக்கொள்வாள். மலைக்குளிரில் அவள் பாதங்கள் ஐஸ் மாதிரி இருக்கும் என்று பழனிவேல் சொல்லித்தான் கோமளாவுக்குத் தெரியும்.

போன மாதம் ஒருநாள் அவளாகவே வந்து பையை நீட்டினாள்.

"இத முடிச்சுத் தருவீங்களா, சித்தி?"

அந்த ஒரு வருடத்தில் ரோகிணி அவளிடம் கேட்ட முதல் காரியம் அது.

"தரேன் கண்ணு."

"அடியில கம்பளி வெச்சுக்கலாம். மேல அம்மா துணி மட்டும்தான் இருக்கணும். வேற துணி கலக்கக் கூடாது."

"கலக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாள். தையல் தெரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பையைத் திறந்து துண்டுகளைத் தரையில் பரப்பியபோது ரோகிணியும் பக்கத்தில் வந்து குந்தினாள். ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள்.

"இந்த மஞ்சள், ஏரியில படகு விட்டப்போ அம்மா கட்டியிருந்தது. கீழ்ப்பக்கம் முழுக்க நனைஞ்சு போச்சு. இது என்னோட பாவாடை. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பட்டு ஓட்டையாயிடுச்சு. இது ஜன்னல் சீலை. இந்தக் கத்திரிப்பூ கலர், நான் பஸ்ல வாந்தி எடுத்த புடவை."

"ஐயய்யோ."

"அம்மா திட்டவே இல்லை. அடுத்த ஸ்டாப்ல இறங்கி சோடா வாங்கிக் குடுத்தாங்க."

மூன்று வருடத்துக்கு முந்தைய பேச்சு. நேற்று நடந்ததுபோல் சொன்னாள். கோமளா அந்தக் கத்திரிப்பூத் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பழைய பருத்தித் துணியின் வாசனைதான் வந்தது. ஆனாலும் உடனே கீழே வைக்க மனம் வரவில்லை.

அந்தத் துண்டுகளை அவள் பொன்னைப்போலக் கையாண்டாள். இனி அந்தத் துணி கடையில் கிடைக்காது. போதாததற்கு ஒரு சிக்கலும் இருந்தது. ரோகிணிக்கு ஐந்து வயதாக இருந்தபோது சுகந்தி எடுத்த அளவு அது. பிள்ளை இப்போது நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள்.

கிடங்கின் தரையில் கோமளா துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். நட்சத்திரத்தின் கால்களைத் திருப்பினாள், காற்றாடியாயிற்று. காற்றாடிகளைச் சாய்த்து வைத்தாள், ஏணியாயிற்று. ஒவ்வொன்றும் ஓர் அழகு. எதுவும் ஒரு சாண்கூட நீளவில்லை.

பக்கத்துப் பாயில் இருந்த மைமூன் எட்டிப் பார்த்தாள். "என்ன அக்கா, சீட்டாட்டமா? நீ இப்படிக் கலைச்சுக் கலைச்சுப் போட்டா அந்தப் புள்ளை கல்யாணத்துக்குத்தான் போர்வை வரும்."

"எப்படி வெச்சாலும் பத்தலையே, டீச்சர்," என்றாள் கோமளா.

"எப்படி வெச்சாலும் துணி அதேதானே," என்றார் டீச்சர்.

அன்று கோமளாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. இரண்டு துண்டைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றிலும் அரை விரல் அகலம் ஓரம் விட்டுத்தான் தைக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். அந்த ஓரம் பின்னால் மடங்கிவிடும். கட்டத்துக்குக் கட்டம் அப்படி எத்தனை துணி பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது! அதையெல்லாம் மிச்சம் பிடித்தால் நீளத்துக்கு நீளமும் ஆயிற்று, சுகந்தியின் துணியில் ஒரு நூல்கூட மறையாமலும் ஆயிற்று.

விளிம்போடு விளிம்பாக, நெல் முனை அளவு மட்டும் பிடித்துத் தைத்தாள். வீட்டு வேலை முடிந்த நேரமெல்லாம் அதே வேலைதான். கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கொண்டுபோய் டீச்சரிடம் நீட்டியபோது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

டீச்சர் திருப்பிப் போட்டார். சற்று நேரம் பார்த்தார். பிறகு சுகந்தி தைத்த கட்டம் ஒன்றை எடுத்து, கோமளா தைத்ததன் மேல் வைத்தார். கோமளாவுடையது நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"உன்னோடது பெரிசா இருக்கே."

"ஓரத்தை வீணாக்கல டீச்சர். பழைய துணி. எதையும் மறைக்க மனசு வரல."

டீச்சர் கட்டத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்தார். பலமாகக்கூட இழுக்கவில்லை, உலர்ந்த துணியை உதறுகிற மாதிரி ஒரு சுண்டுதான். மஞ்சள் முக்கோணம் தையலை விட்டு வெளியே வந்தது. தையல் அறுபடவில்லை. துணிதான் பிசிறு பிசிறாகப் பிரிந்து தையலை விட்டுவிட்டது.

கோமளாவுக்குத் தன் கை பிய்ந்ததுபோல் இருந்தது. "டீச்சர்!"

டீச்சர் சுகந்தியின் கட்டத்தையும் அதேபோல் சுண்டினார். அது 'டப்' என்று ஒலித்தது. அவ்வளவுதான்.

"ஒரு துளியும் போகாம ரெண்டைச் சேர்க்க முடியாதா, டீச்சர்?"

டீச்சர் சுகந்தியின் கட்டத்தைத் திருப்பி அவள் மடியில் வைத்தார். பின்பக்கம் வரிவரியாக ஓரங்கள் படுத்திருந்தன. முன்பக்கம் வெயிலில் வெளுத்திருந்த மஞ்சள், அங்கே புதுப் புடவை மஞ்சளாகவே இருந்தது.

கோமளா அதை விரலால் தடவினாள். வந்த முதல் நாள் கேட்ட விடுகதை ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் பாயில் உட்கார்ந்து, தைத்த கட்டங்களையெல்லாம் பிரிக்கத் தொடங்கினாள்.

இரண்டாம் முறை அரை விரல் ஓரம் விட்டுத் தைத்தாள். பிசிறிட்ட இடங்களைக் கத்தரிக்க வேண்டியிருந்ததால் ஒரு வரிசைக் கட்டமே குறைந்துபோயிற்று. ரோகிணியின் உயரத்துக்கு அளந்து பார்த்தாள். போர்வை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும். கால் வெளியேதான்.

"எதுக்குக்கா இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கே?" என்று வந்தாள் மைமூன். பிட்டுத் துணி மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். "இந்தா, பாரு. அதே மஞ்சள், அதே பூ. கீழே ஒரு வரிசை கொடுத்துட்டா முடிஞ்சுது கதை. எட்டு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியப் போகுது?"

கோமளா துணியை வாங்கிச் சுகந்தியின் துண்டோடு சேர்த்துப் பிடித்தாள். அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. ஒரு முறை சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்தப் புதுமையும் போய்விடும். எழுந்து டீச்சரிடம் போனாள்.

"இதைச் சேர்த்துக்கலாமா, டீச்சர்? அவளுக்குத் தெரியாது."

டீச்சர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல துணி. தாராளமா சேர்த்துக்கோ."

கோமளா போகத் திரும்பினாள்.

"அவ தொட்டுத் தொட்டுச் சொல்லுவான்னு சொன்னியே," என்றார் டீச்சர். "இந்தத் துண்டைத் தொட்டு, 'இது எப்போ கட்டினது சித்தி?'ன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

கோமளா நின்றாள். கையில் இருந்த மஞ்சள் துணி திடீரென்று பேச்சு வராத ஒரு ஆளைப்போல் தோன்றியது.

"அப்ப நான் என்ன செய்யட்டும், டீச்சர்? குட்டையாக் கொடுத்தா முடிக்கத் தெரியலைன்னு நினைப்பா. சேர்த்துக் கொடுத்தா வாக்குத் தவறினதா ஆயிடும். முதல் தடவையா ஒண்ணு கேட்டிருக்கா."

"என்கிட்டயா கேட்டா? உன்கிட்டதானே கேட்டா." டீச்சர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள்கூடத் தெரியவில்லை. கோமளா போர்வையை எடுத்து வந்து, கட்டிலில் படுத்திருந்த ரோகிணியின் மேல் விரித்தாள்.

ரோகிணியின் கைகள் இரண்டும் ஊர்ந்து ஊர்ந்து துண்டுகளைத் தேடின. "படகு... மத்தாப்பு... ஜன்னல்... வாந்தி." பிறகு கால்விரல்களை ஆட்டிப் பார்த்தாள். "கால் வெளிய இருக்கு, சித்தி."

"ஆமாம் கண்ணு. அம்மா அளவெடுக்கும்போது நீ இத்தனூண்டு இருந்தே. நானும் முதல்ல தப்பாத் தைச்சேன். பிரிஞ்சு போச்சு. கொஞ்சம் துணி வீணாயிடுச்சு."

"எவ்வளவு?"

கோமளா விரலால் காட்டினாள். ரோகிணியின் முகம் வாடியது.

"மீதி எங்க போச்சு? பையில நிறைய இருந்துச்சே."

"அதுக்கு ஒரு விடுகதை இருக்கு." கோமளா விடுகதையைச் சொன்னாள்.

ரோகிணி யோசித்தாள். போர்வையின் ஒரு மூலையைத் திருப்பினாள். மடங்கிக் கிடந்த ஓரங்களை, வெளுக்காத மஞ்சளை, நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

"துணி," என்றாள்.

அப்போதுதான் கோமளா மடியிலிருந்து இரண்டு துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"இது கடையில மிஞ்சின துணி. அம்மாவோடது மாதிரியே இருக்கு. ஆனா அம்மாவோடது இல்லை. இந்த நீலம் என்னோடது. கல்யாணத்துக்கு முன்னாடி மில்லுக்கு வேலைக்குப் போறப்போ கட்டினது. எதை வெச்சாலும் கால் மூடும். எதையும் வெக்க வேண்டாம்னா இப்படியே கம்பளி வெச்சுத் தைச்சுடறேன். நீ சொல்றதுதான்."

ரோகிணி மஞ்சளைப் பார்த்தாள். கோமளாவின் நீலத் துணியைப் பார்த்தாள். அதில் ஓர் இடத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை இருந்தது.

"இது என்ன?"

"மிஷின் எண்ணெய். எத்தனை துவைச்சும் போகலை. சூப்பர்வைசர் பார்த்துட்டு, 'மிஷினுக்கு எண்ணெய் போடச் சொன்னா நீ குளிச்சிட்டு வந்திருக்கே'ன்னு கத்தினார்."

ரோகிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை உடனே அடக்கிக்கொண்டாள். மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் கோமளா கிடங்குக்குப் போனபோது கையில் போர்வையும் அடித்துணிக்கான கம்பளியும் மட்டும் இருந்தன. டீச்சர் போர்வையைக் கேட்டு வாங்கி, வழக்கம்போல் திருப்பிப் போட்டுப் பார்த்தார். கீழ் ஓரத்தில் எந்தத் துணியும் சேர்ந்திருக்கவில்லை. தையலை ஒரு முறை சுண்டிப் பார்த்தார். 'டப்' என்றது. ரோகிணியிடம் இரண்டு துணியைக் காட்டிக் கேட்டதைக் கோமளா சொன்னாள்.

"எதை எடுத்தா?"

"ஒண்ணையும் எடுக்கலை, டீச்சர். ரெண்டையும் மடிச்சு என் கையிலயே கொடுத்துட்டா. போர்வை இப்படியே இருக்கட்டும்னா. ராத்திரி, நடுவில இருந்த தலையணையை எடுத்துக் கீழே போட்டா. கால் ரெண்டையும் என் புடவைக்குள்ள விட்டுக்கிட்டா."