ஜாங்கிரிக்கு வந்த வாட்ச்

மொட்டணம்பட்டியில் மூளையைச் செலவழிக்காமல் அப்படியே சேமித்து வைத்திருக்கும் குடும்பம் ஒன்று உண்டு. அதற்கு மூத்தவர் சொள்ளமுத்து. உடம்பில் சர்க்கரை, ஜாங்கிரி என்றால் உயிரை விடுவார். ஒரு மாதத்தில் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் இலையில் ஜாங்கிரி விழுமா, விழாதா என்பதே அவர் கவலை.

டாக்டரம்மா காலடி எண்ணும் வாட்ச் ஒன்றை அவர் கையில் மாட்டினார். "தினமும் இதுல பத்தாயிரம் அடி காட்டணும். முப்பது நாளும் காட்டினா கல்யாணத்துல ஒரே ஒரு ஜாங்கிரி."

மறுநாள் மச்சினன்மார் ஆவுடையப்பன், தங்கமாரி இருவரோடும் நெடுஞ்சாலையில் வடக்கே நடந்தார். ஐயாயிரம் வந்ததும் வீட்டைப் பார்த்துத் திரும்பினார். ஆவுடையப்பன் குறுக்கே பாய்ந்தான்.

"திரும்பாதீக அத்தான்! ஐயாயிரம் போயி ஐயாயிரம் வந்தா கழிஞ்சு போகும்லா? வீட்லயே உட்கார்ந்திருந்த மாதிரிதான?"

"வாட்ச் பத்தாயிரம்னு காட்டுமே மாப்ள?"

"அதுக்கென்ன தெரியும்? நேத்து வந்தது."

"டாக்டரம்மாவை ஏமாத்தப்படாது அத்தான்" என்றான் தங்கமாரி. அவன் கொஞ்சம் நியாயஸ்தன்.

எனவே அவர்கள் திரும்பவில்லை. தினமும் பத்தாயிரம் அடி வடக்கே நடந்து, கிடைத்த இடத்தில் சாப்பிட்டு, அங்கேயே படுத்தார்கள். முப்பதாம் நாள் விராலிமலை வந்தது. சொள்ளமுத்து வாட்சுக்கு முத்தம் கொடுத்தார். விடிந்தால் கல்யாணம்.

"பஸ் ஏறுவோமா?"

"ஏறினா முப்பது நாள் நடையும் பின்னாடி போயிரும். ஜாங்கிரி கிடையாது" என்றான் ஆவுடையப்பன்.

மூவரும் சாலையோரம் உட்கார்ந்து யோசித்தார்கள். சொள்ளமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் தங்கமாரிதான் வழி சொன்னான். "வாட்சுக்குக் கால் இல்ல. அது போனா எதுவும் கழியாது. அடியெல்லாம் அதுலதான இருக்கு? அதையே பந்தியில உட்கார வைப்போம்."

தனக்குச் சர்க்கரை இல்லாததால் தன் நடை வீணானாலும் பரவாயில்லை என்று ஆவுடையப்பன் வாட்சை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மறுநாள் பந்தி நேரத்தில் விராலிமலையிலிருந்து போன் போட்டார் சொள்ளமுத்து. "மாப்ள, வச்சாச்சா?"

"தாய்மாமன் இலையிலயே வச்சாச்சு அத்தான். மாலையும் போட்டாச்சு. ஜாங்கிரியும் விழுந்திருச்சு."

"தின்னுதா?"

"எங்க? ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கீங்க, எழுந்து நடங்கன்னு எழுத்து வருது. உடம்பு வேற கிடுகிடுன்னு உதறுது."

சொள்ளமுத்து பதறிப்போனார். "அடப்பாவி, ஜாங்கிரியைத் தூக்குடா! அதுக்கும் சர்க்கரை வந்திருச்சு!"